சேதம் இறங்கும் வரிசை

எங்கள் ஊர் வயலுக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது என்றால், பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் மற்ற எல்லா ஊருக்கும் வந்து முடிந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய கடைமடை எங்களுடையது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, மதகு மதகாகக் காத்திருந்து எங்களிடம் சேர்வதற்குள் மேல்மடைக்காரர்கள் நட்டு முடித்துக் களையே எடுத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. மேலே பெய்த மழை அத்தனையும் எங்கள் பக்கமாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். தேவைப்படும்போது மிச்சம் வரும். தேவைப்படாதபோது மொத்தமும் வரும்.

இப்படி ஓர் ஊரில் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டவனுக்குப் பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் இருக்கிறது. மழையும் புயலும் வானத்திலிருந்து வருகின்றன. சேதம் மட்டும் மனிதர்கள் முன்கூட்டியே போட்டு வைத்த வரிசைப்படி இறங்குகிறது. அந்த வரிசையை யார் போட்டார்கள் என்று கேட்காமல் வானத்தை மட்டும் அண்ணாந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தேன். இப்போது அப்பா விட்டுப்போன ஒன்பது மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன். (மூன்று மா ஒரு ஏக்கர். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.) என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் வந்து, "அந்தக் காலத்துல மழை ஒழுங்கா பேஞ்சுதா தாத்தா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது பொய். 1952-இல் நாகப்பட்டினத்தில் புயல். 1955-இல் மறுபடியும். 1964-இல் தனுஷ்கோடியே போனது. 1977 நவம்பர் புயலில் எங்கள் பள்ளிக்கூட ஓடுகள் பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். பஞ்சமும் இருந்தது, வெள்ளமும் இருந்தது. பழைய காலத்தைப் பொற்காலம் ஆக்குகிறவர்களுக்கு அன்றைய பண்ணையாள் என்ன சாப்பிட்டான் என்பது தெரியாது.

மாறியிருப்பது நாள்காட்டி. ஜூன் 12 என்பது டெல்டாவில் ஒரு திருநாள் மாதிரி. அன்றைக்கு மேட்டூர் திறந்தால் குறுவைச் சாகுபடி உண்டு. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவே இல்லை. 2016-இல் செப்டம்பர், 2017-இல் அக்டோபர். பிறகு 2022-இல் யாரும் எதிர்பாராமல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை கடைசி. இதில் கர்நாடகத்தோடு உள்ள வழக்குக்குப் பங்கு உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 177.25 டிஎம்சி என்று குறைத்து முடித்து வைத்தது. ஆனால் நீதிமன்றம் எழுதிக் கொடுக்கிற அளவு மழை பெய்தால்தானே. குடகில் தென்மேற்குப் பருவமழை ஒரு வருஷம் கொட்டுகிறது, ஒரு வருஷம் கைவிடுகிறது.

எங்களுக்குச் சொந்தமான வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான் ஆகிவிட்டது. 2016-இல் தமிழ்நாட்டில் அது சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. அந்தச் சம்பாவில் கருகிய பயிரைப் பார்த்து விவசாயிகள் மாரடைப்பில் விழுந்த செய்தி தினமும் வந்தது. 2021 ஜனவரியில், பொங்கலுக்கு அறுக்க வேண்டிய கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைத்தது. 2023 பிப்ரவரியிலும் அதே கதை. தை பிறந்தால் மழை இல்லை என்று நம்பித்தான் எங்கள் சாகுபடிக் கணக்கே அமைந்திருக்கிறது. அந்த நம்பிக்கை போய்விட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு வருஷத்தில்கூடச் சராசரியாக அவ்வளவு பெய்வதில்லை.

காரணம் சிக்கலானதல்ல. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் சுமக்கும். சுமந்ததை ஒரு நாள் மொத்தமாக இறக்கும். கொடுப்பதும் மொத்தமாக, இடைவெளியும் நீளமாக. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரும்பலகையில் பத்து நிமிஷத்தில் விளக்கிவிடலாம்.

விளக்க முடியாதது 2018.

அந்த வருஷம் ஜூலையில் மேட்டூர் நிரம்பியது, ஐந்து வருஷம் கழித்து 120 அடி. ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்து விழுந்தது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. தொலைக்காட்சியில் நுரை கக்கிக்கொண்டு காவிரி கடலுக்கு ஓடுவதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அதே வாரத்தில் எங்கள் வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நாணலும்தான் இருந்தன. புழுதியில் விதைத்த நெல் முளைத்து, தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வெள்ளம் வந்த வருஷத்திலேயே கடைமடை காய்ந்தது. ஆற்றில் மணலை அள்ளி அள்ளி ஆற்றுமட்டம் இறங்கிவிட்டது. வாய்க்கால் தலைப்பு மேலே நிற்கிறது, தண்ணீர் கீழே போகிறது. வாய்க்கால் தூர் வார ஒதுக்கிய பணம் தண்ணீர் திறந்த பிறகு செலவாகிறது. ஈரத்தில் பொக்லைன் இறங்கி கரையோரப் புல்லைச் சுரண்டிவிட்டுப் போனால் பில் தயார். இதை வானத்தின் மேல் போட முடியுமா?

மூன்று மாதத்தில் கஜா வந்தது. நவம்பர் 16, விடிவதற்கு முன்னால், வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியது. காற்று மணிக்கு 100, 110 கிலோமீட்டர் என்றார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் லட்சக்கணக்கில் மரங்களை இழந்தன. வேதாரண்யத்து மாமரங்கள் வேரோடு கிடந்தன. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த ராத்திரி எங்கள் ஊரில் எல்லா வீட்டின் மேலும் ஒரே காற்றுதான் அடித்தது. மெத்தை வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி பறந்தது, வாசல் மரம் விழுந்தது. கூரை வீட்டுக்காரர்களுக்கு வீடே இல்லை. கூரை வீடுகள் எந்தத் தெருவில் இருந்தன என்று பார்த்தால், நிலம் சரிகிற பக்கம், வடிகால் ஓரம். ஊரின் மேட்டை யார் எடுத்துக்கொண்டார்கள், பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்பதெல்லாம் புவி சூடாவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சாதி முடிவு செய்த விஷயம். கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மண் இது. அந்த மண்ணில் வெள்ளம் எல்லோரையும் சமமாக நடத்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சுனாமி நிவாரணத்தில்கூடச் சாதி பார்த்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்து வைத்திருக்கின்றன.

வீடு கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் காகிதத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்திலிருந்து எழுதுகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

டெல்டாவில் நிலத்தில் இறங்கி உழைக்கிறவருக்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோவில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்களின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி ஏராளம். அதில் பெரும்பகுதி வாய்வார்த்தை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கு 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது, அவ்வளவுதான். பயிர் அழிந்தால் நிவாரணமும் காப்பீடும் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவேடுகளைப் பார்த்து வருகின்றன. அடங்கலில் இருப்பது நிலக்காரர் பெயர். என் வயலுக்குப் பக்கத்து வரப்பில் சாகுபடி செய்கிற ஒரு அம்மா ஒரு முறை சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அழிஞ்சது என் வெள்ளாமை, வாத்தியாரய்யா. பணம் ஏறுனது அவுங்க பாஸ்புக்குல." விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் அந்த அம்மா வாங்கிய கடன். நிலக்காரர் கெட்டவரும் இல்லை. பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் ஒருவருடைய நல்ல மனசை நம்பித்தான் இன்னொருவர் பேரிடரைத் தாண்ட வேண்டும் என்றால், அங்கே சட்டம் எதற்கு இருக்கிறது?

காப்பீட்டுக்கு இன்னொரு கணக்கு. 2016 முதல் நடக்கிற பயிர்க் காப்பீட்டில் கிராம அளவில் சோதனை அறுவடை செய்து மகசூலைத் தீர்மானிக்கிறார்கள். ஒரே கிராமத்தில் மேட்டு வயல் தப்பித்து, வடிகால் ஓரத்துப் பள்ள வயல் மூழ்கினால், சராசரி நன்றாக இருக்கிறது என்று முடிந்துவிடும். சராசரி என்பது பள்ளத்தில் இருப்பவருக்கு எப்போதும் எதிரி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. பருவம் தப்பி மழை பெய்கிற வருஷங்களில் டெல்லியிலிருந்து குழு வந்து, நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, தளர்வு உத்தரவு வாங்கிக் கொடுப்பதற்குள், சாலையோரம் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டிருக்கும். சொந்தக் களமும் கிடங்கும் இருக்கிறவர் காயவைத்து நிதானமாகப் போடுவார். இல்லாதவர் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த நாள் திருப்பூருக்குப் பஸ் ஏறுவார்.

கடல் பக்கம் திரும்பினால் இதே கதைதான். 1990-களில் எங்கள் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நெல் வயலை வெட்டிக் குளமாக்கி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து உள்ளே இழுத்தார்கள். பக்கத்து வயல் உவரானது, கிணறு உப்பானது, அதுவரை நடவுக்குப் போன பெண்களுக்கு வேலை போனது. ஒரு பண்ணைக்கு இரண்டு காவலாளி போதுமே. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார்; கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பெண்களைத் திரட்டிக்கொண்டு பண்ணை வாசலில் நின்றார். 1996 டிசம்பரில் கடலோர ஒழுங்காற்று எல்லைக்குள் இருக்கிற பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005-இல் புதிய சட்டமும் ஆணையமும் வந்து பண்ணைகளுக்கு வேறு வழி பிறந்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நிலத்தடி நீர் உப்புதான்.

வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் ஏறுகிறது. கேட்டால் சிரிப்பு வரும் அளவு. ஆனால் எங்கள் ஆறுகளின் கடைசிக் கதவணைகள் கடல் வாங்குகிற நேரத்தில்தான் வெள்ளத்தை வடிக்க முடியும். கடல் ஏறுகிற நேரத்தில் கதவை இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமியில் புயல் மழையும் சேர்ந்தால் வடிகிற நேரம் இன்னும் சுருங்கும். கடல் மட்டம் கொஞ்சம் ஏறினாலும் ஒவ்வொரு வெள்ளமும் கூடுதலாக ஒரு நாள், இரண்டு நாள் நிற்கக்கூடும். மூழ்கிய இளம்பயிருக்கு அந்த இரண்டு நாள்தான் உயிர். இன்னொரு பக்கம், டெல்டாவை ஆயிரம் ஆயிரம் வருஷமாக மேடாக்கிக்கொண்டிருந்த வண்டல் அணைகளில் தங்கிவிடுகிறது. கடல் ஏற, நிலத்துக்கு வரவேண்டிய மண் வருவதில்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு ஆகியவற்றின் கரைகளையும் கதவணைகளையும் புதுப்பித்திருக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். பராமரிக்க ஆள் போட்டால் இன்னும் நல்லது. மதகைத் தூக்கி இறக்குகிற லஸ்கர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் புதுக் கதவு எதற்கு?

கடலும் காற்றும் சூடாகக் காரணமான புகையை யார் விட்டார்கள்? அமெரிக்காவில் ஓர் ஆள் வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். இந்தியாவில் சராசரி 2 டன்னை ஒட்டி இருக்கிறது. அந்த 2 டன்னிலும் ஏசி போட்ட கார்க்காரரும் எங்கள் நடவுக்காரப் பெண்ணும் ஒரே பங்கு இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நெல் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீரிலிருந்து மீத்தேன் வருகிறது என்று எங்களையும் குற்றப்பட்டியலில் சேர்க்கிறார்கள். உண்மைதான், வருகிறது. தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுக் கட்டினால் குறையும் என்று ஆலோசனை சொல்கிறார்கள். கடைமடையில் அதை முறைப்பாசனம் என்ற பெயரில் எப்போதோ கட்டாயமாகவே கடைப்பிடித்துவிட்டோம்!

இலவச மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு விவசாயியைக் காப்பாற்றியது அது. எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆழமாக போர் போட முடிந்தவர் கையில்தான் அந்தச் சலுகையின் பெரிய பங்கு போய்ச் சேர்கிறது. அடியில் உப்புத் தண்ணீர் இருக்கிற எங்கள் ஊருக்கு அது எழுதாத காசோலை.

"அப்படின்னா நம்ம கையில ஒன்னும் இல்லையா தாத்தா?" என்றால், இருக்கிறது. ஒடிசாவைப் பாருங்கள், நமக்கும் அவர்களுக்கும் ஒரே வங்கக்கடல்தான். 1999 அக்டோபர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். 2013-இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்; இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. கடல் அதற்குள் குளிர்ந்துவிடவில்லை. கடலோரக் கிராமம் கிராமமாகப் புயல் பாதுகாப்பு மையம் கட்டினார்கள். யார் வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள், யாரைத் தூக்கி வர வேண்டும் என்று ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஏழை மாநிலம் என்று நாம் சொல்கிற ஒடிசா செய்த வேலை இது.

எங்கள் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். இயற்கை விவசாயத்தைப் பற்றி நம்மாழ்வார் பேசினார், கட்டிமேடு ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, உவர் தாங்குகிற குழியடிச்சான், வெள்ளம் தாங்குகிற காட்டுயானம் போன்ற பழைய ரகங்களைக் கைக்குக் கை பரப்பினார். ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை; தண்ணீரில் மூழ்கினாலும் மீண்டு வருகிற சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் இப்போது கிடைக்கிறது. பழையது, புதியது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. எது நிற்கிறதோ அதை விதைக்கிறேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். விதைத் திருவிழா என்றால் ஊருக்கு வெளியிலிருந்துகூடக் கூட்டம் வருகிறது, செல்ஃபி எடுக்கிறார்கள். தூர் வாரிய கணக்கைக் கேட்கக் கூப்பிட்டால் நான்கு பேர் வருகிறோம், நான்கு பேருமே கிழவர்கள்.

அதனால்தான் இதைப் படிக்கிற இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருப்பூரிலோ சென்னையிலோ இருந்தால் லீவு போட்டுவிட்டு ஒரு கூட்டத்துக்காவது ஊருக்கு வாருங்கள். நம் ஊர் வாய்க்கால் எந்தத் தேதியில் தூர் வாரப்படும், முடிந்ததா என்று யார் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வாய்வார்த்தைக் குத்தகைக்காரர்களின் பெயரைப் பட்டியலில் சேர்க்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பள்ளத்துத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கோ பாதுகாப்பு மையத்துக்கோ போகிற பாதை இரவில், இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாத பதிலுக்கு மதிப்பு இல்லை. நவம்பர் 1 கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குள் மழை இறங்கிவிடும். ஆகஸ்ட் 15-க்கே வந்துவிடுங்கள்.